இரவல் நாய்களும் வெள்ளைக் காகிதமும்

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவரை இரண்டாக வெட்டிவிடுகிறார்கள். ஒரு அவெடன், பாரிஸ் உடைகளையும் அழகிகளையும் பத்திரிகைகளுக்காகப் படமெடுத்துப் பணமும் பேரும் சம்பாதித்தவர். இன்னொரு அவெடன், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியையும் சாகக் கிடந்த தகப்பனாரையும் ஈவு இரக்கமின்றிப் படமெடுத்த கலைஞர். முதலாமவர் வயிற்றுப்பாட்டுக்கு, இரண்டாமவர் மனசுக்கு என்று பிரித்துவிட்டால் அருங்காட்சியகத்துக்கும் வசதி, விமர்சகருக்கும் வசதி. இந்தப் பிரிவினை தவறு என்பது என் வாதம். ஃபேஷன் வேலையில் அவர் தெரிந்துகொண்ட ஒன்றுதான் அவருடைய மிகக் கடுமையான முகப்படங்களுக்கும் அடித்தளம். கேமராவுக்கு முன்னால் வந்து நிற்கும் எவரும் நடிக்கிறார். அந்த நடிப்பை உரித்துப் போட்டால் உள்ளே நிஜ முகம் ஒன்று இருக்கும் என்பது நம் ஆசை, அவ்வளவுதான். நடிப்பையே விடாமல் உற்றுப் பார்த்தால் ஆள் பிடிபடுவார். நட்சத்திரங்களின் படங்கள் தெருவிலும் கைப்பேசியிலும் நம்மை மொய்க்கும் காலத்தில், இதைப் புரிந்துகொண்ட ஒருவரின் வாழ்க்கையைப் பார்ப்பது வீண்வேலை அல்ல.

இந்தப் பாடம் அவருக்கு வீட்டிலேயே ஆரம்பமாகிவிட்டது. 1987-இல் அவர் எழுதிய ‘இரவல் நாய்கள்’ என்ற கட்டுரையில், சிறுவயதில் தங்கள் குடும்பம் எப்படிப் படமெடுத்துக்கொண்டது என்று விவரிக்கிறார். நல்ல உடுப்பாக உடுத்திக்கொள்வார்கள். யாருடைய வீட்டு வாசலிலோ, யாருடைய காருக்கு முன்னாலோ போய் நிற்பார்கள். பக்கத்தில் நிற்கும் நாயும் யாரிடமோ கேட்டு வாங்கியது. பிற்காலத்தில் ஆல்பத்தைப் புரட்டியபோது ஒரே ஆண்டுப் படங்களில் 11 வெவ்வேறு நாய்களை அவர் கண்டிருக்கிறார். இதை அவர் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. அந்தப் படங்கள் குடும்பத்தின் நிலையைப் பற்றிப் பொய் சொன்னாலும், எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் ஏங்கினார்கள் என்பதை அப்பட்டமாகக் காட்டிவிட்டன என்பதே அவர் கண்டறிந்தது. ஒரு பொய்ப் படத்தை இத்தனை மரியாதையோடு வாசித்தவர், பிறகு ஃபேஷன் உலகத்தின் புனைவுகளைக் கண்டு முகம் சுளித்திருக்க வாய்ப்பில்லை.

1923-இல் நியூயார்க்கில் பிறந்தவர் அவெடன். தகப்பனார் ஜேக்கப் இஸ்ரேல் அவெடன் ரஷ்யாவிலிருந்து வந்த யூதர். பெண்களுக்கான துணிக்கடை வைத்திருந்து, முப்பதுகளின் பொருளாதார வீழ்ச்சியில் அதை இழந்தவர். தாயார் வழியிலும் துணி வியாபாரம்தான். பள்ளிக்கூடத்தில் பின்னாளைய எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினோடு சேர்ந்து மாணவர் இதழ் நடத்தினார். இரண்டாம் உலகப் போரின்போது வணிகக் கப்பல் படையில் சேர்ந்தார். தகப்பனார் வாங்கிக் கொடுத்த ரோலிஃப்ளெக்ஸ் கேமரா கையில் இருந்ததால், மாலுமிகளுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கும் வேலை கிடைத்தது. வெறும் சுவர், நேர் பார்வை, அடுத்த ஆள் என்று நாள் முழுக்க ஓடும் வேலை. அந்தப் பணியிலிருந்து விலகியதும் அலெக்ஸி பிரோடோவிச்சிடம் வடிவமைப்பு வகுப்பில் பயின்று, அவர் கலை இயக்குநராக இருந்த ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ இதழில் சேர்ந்து, இருபது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அதன் பிறகு ‘வோக்’. அடையாள அட்டைப் படமும் ஃபேஷன் படமும் ஒரே இளைஞனின் கையில் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் கழித்து அவர் எடுத்த பெரிய படங்களில் இரண்டுமே இருக்கின்றன.

1947-இல் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் தியோர் தன் புதிய பாணி உடைகளை அறிமுகப்படுத்திய சமயத்தில் ‘பஜார்’ அவெடனைப் பாரிஸுக்கு அனுப்பியது. போரில் அடிபட்டுக் கிடந்த நகரம் அது. ரொட்டிக்கும் நிலக்கரிக்கும் தட்டுப்பாடு. அங்கே அவெடன் எடுத்த படங்களில் பெண்கள் சதுக்கங்களில் பாவாடை சுழல நடக்கிறார்கள், துள்ளுகிறார்கள், சிரிக்கிறார்கள். பாரிஸ் அன்றைக்கு அப்படி இருக்கவில்லை. எல்லாமே அவர் நடத்திக்காட்டியது. பிரெஞ்சுத் துணித்தொழில் மறுபடி எழுந்து நிற்க அப்படியொரு பாரிஸ் தேவைப்பட்டது. அமெரிக்க வாசகிகளுக்கும் அது தேவைப்பட்டது. பொம்மை மாதிரி அசையாமல் நின்ற மாடல்களை ஓடவும் குதிக்கவும் வைத்தவர் அவெடன் என்று வரலாற்றில் எழுதுகிறார்கள். அந்த அசைவு இயல்பானது அல்ல, மெனக்கெட்டு ஒத்திகை பார்த்து உண்டாக்கியது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஹாலிவுட் 1957-இல் ‘ஃபன்னி ஃபேஸ்’ படத்தில் ஃபிரெட் அஸ்டேரை இவரை மாதிரியாகக் கொண்ட புகைப்படக்காரராக நடிக்க வைத்தது. அந்தப் படத்துக்குக் காட்சி ஆலோசகரும் இவர்தான்.

1955 ஆகஸ்டில் பாரிஸ் குளிர்காலச் சர்க்கஸ் கூடத்தில் எடுத்த, மாடல் டோவிமாவின் படத்தை நிதானமாகப் பார்க்கலாம். கறுப்பு வெல்வெட் உடை, இடுப்பிலிருந்து தரைவரை இறங்கும் வெள்ளைப் பட்டுக் கச்சை. தியோர் நிறுவனத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த இளைஞர் ஈவ் சான் லோரான் வரைந்த உடை அது. இரண்டு பக்கமும் யானைகள். ஒரு கையை ஒரு யானையின் தும்பிக்கை மேல் வைத்து, மறு கையை மற்றொன்றை நோக்கி நீட்டி, முகத்தை நிமிர்த்தி நிற்கிறார் டோவிமா. யானையின் சுருக்கம் விழுந்த தோலும் பட்டின் வழவழப்பும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுகின்றன. ஆனால் பார்வையைச் சற்றுக் கீழே இறக்கினால் யானைகளின் காலில் சங்கிலி தெரிகிறது. அதை மறைக்கவோ வெட்டவோ அவெடன் முனையவில்லை. அழகு எத்தனை கட்டுகளுக்கு நடுவே தயாராகிறது என்பது படத்துக்குள்ளேயே கிடக்கிறது. அவருக்கு இந்தப் படத்தில் கடைசிவரை குறை இருந்தது: கச்சையின் நுனி இடதுபக்கம் பறந்திருந்தால் கோடு முழுமை பெற்றிருக்கும், அதைச் செய்யத் தவறிவிட்டேன் என்றார். உலகமே கொண்டாடிய படத்தைத் தோல்வி என்று சொன்ன ஆளை வெறும் துணி விற்பனைக்காரர் என்று தள்ளிவிட முடியாது.

நட்சத்திரங்களை அவர் எடுத்த படங்களுக்கு இப்போது வரலாம். 1957 மே மாதம் நியூயார்க் ஸ்டுடியோவில் எடுத்த மர்லின் மன்றோ படம் எல்லோருக்கும் தெரிந்தது. மின்னும் சமிக்கி உடை, தொங்கிப்போன தோள், எங்கேயும் பதியாத கண். ‘நட்சத்திரத்துக்குள் இருந்த உண்மையான, சோகமான பெண் இவள்தான்’ என்று பல தலைமுறைகளாக இந்தப் படத்துக்கு உரை எழுதிவருகிறார்கள். அவெடன் சொன்ன விவரம் அந்த உரைக்கு ஒத்துவரவில்லை. மன்றோ பல மணி நேரம் ஆடினார், பாடினார், கேமராவைக் கொஞ்சினார்; தான் செய்யத் தெரிந்த மர்லின் மன்றோவைச் செய்தார். ஓய்ந்துபோய் ஒரு மூலையில் உட்கார்ந்தார். அவருக்குத் தெரியாமல் எடுக்க அவெடனுக்கு மனமில்லை. கேமராவோடு பக்கத்தில் போனார். மன்றோ வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதைக் கண்டுகொண்ட பிறகே எடுத்தார். ஆக, இது ஒளிந்திருந்து பிடித்த நிஜ முகம் அல்ல. களைத்த முகத்தையும் கேமராவுக்குத் தரலாம் என்று அந்த நடிகை தானே அனுமதித்த நொடி. கவர்ச்சி எப்படி அவர் கைத்தொழிலோ, கவர்ச்சியை நிறுத்திவைப்பதும் அவருடைய முடிவுதான். அப்படிப் பார்க்கும்போது மன்றோ மேலும் பெரிய கலைஞராகத் தெரிகிறார். சோகக் கதைக்காரர்கள் அவரைச் சின்னதாக்கிவிடுகிறார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அனுமதி, இணக்கம் என்றெல்லாம் பேசுகிறீர்கள், வின்ட்ஸர் கோமகனையும் அவர் மனைவியையும் அவெடன் ஏமாற்றித்தானே எடுத்தார் என்று கேட்கலாம். உண்மைதான். அதே 1957-இல், முடியைத் துறந்து கோமகனான பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டும் அவர் மனைவியும் நியூயார்க் வால்டார்ஃப் ஹோட்டலில் அவெடனுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். எல்லாக் கேமராவுக்கும் தரும் அதே புன்னகையைத் தந்தார்கள். இருவருக்கும் நாய் என்றால் உயிர் என்பது அவெடனுக்குத் தெரியும். வரும் வழியில் என் டாக்ஸி ஒரு நாய் மேல் ஏறிவிட்டது என்று ஒரு பொய்யைச் சொன்னார். இருவர் முகமும் தொங்கிப்போயின, அவர் படமெடுத்தார். அரியணையை இழந்த மனிதனின் ஆற்றாமை என்று உலகம் அதை வாசித்தது. இது ஒரு தந்திரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, உடன்பாடும் இல்லை. கேட்டுப் பெறாத ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் மறுப்பவர்கள் இதற்கு நேர் எதிரானதாக எதை வைக்கிறார்கள்? புன்னகைப் படத்தை. அந்தப் புன்னகையும் செய்து வைத்ததுதானே! செய்தவர் வேறு, அதனால் லாபம் அடைபவர் வேறு, அவ்வளவே வித்தியாசம். அரசகுடும்பத்துப் புன்னகையை யாரும் மோசடி என்று சொல்வதில்லை, ஏனென்றால் அது அதிகாரத்துக்குச் சாதகமான மோசடி. அவெடன் செய்ததைக் குறைசொல்ல நமக்கு உரிமை உண்டு. அப்படிச் சொல்லும் அதே வாயால் மற்றதை இயற்கை என்று சொல்லக் கூடாது.

அவருடைய வெள்ளைப் பின்னணி மீதும் பழைய குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது. வீடு, தெரு, கருவி, ஜன்னல் எல்லாவற்றையும் அகற்றிவிட்டு ஆளை வெறும் வெள்ளையில் நிறுத்தினால், அவருடைய வரலாறும் சேர்ந்து அழிந்துபோகிறது. மனிதர் குண்டூசியில் குத்திய பூச்சி ஆகிவிடுகிறார் என்கிறார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். முகப்பட மரபில் பின்னணிதான் ஆளைத் தூக்கி நிறுத்தும் பொய். மேஜை, புத்தக அலமாரி, கொடி, தூண், திரைச்சீலை எல்லாம் பதவிக்குச் சாட்சி சொல்ல வந்து நிற்பவை. அவற்றைப் பறித்துவிட்டால் அதிகாரியிடம் மிஞ்சுவது முகமும் உடுப்பும்தான். அமெரிக்கா தன் 200-ஆவது ஆண்டைக் கொண்டாடிய 1976-இல், தேர்தலை ஒட்டி ‘ரோலிங் ஸ்டோன்’ இதழுக்காக நாட்டை ஆளும் வட்டாரத்தை 69 படங்களில் அவர் இப்படி நிறுத்தினார். ஃபோர்டு, கார்ட்டர், ரீகன், வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சர், பத்திரிகை அதிபர் கேத்தரின் கிரஹாம், விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் என எல்லோருக்கும் ஒரே வெள்ளை, ஒரே தூரம். தன்னிடம் கொஞ்சம் கருணை காட்டும்படி கிஸ்ஸிஞ்சர் கேட்டுக்கொண்டதாக அவெடன் பிறகு நினைவுகூர்ந்தார். போர்களை நடத்தியவருக்கு ஒரு வெள்ளைத் தாளின் முன்னால் ஏற்பட்ட பதற்றத்தைவிட அந்தப் பின்னணியின் வலிமைக்கு வேறு சான்று தேவையில்லை. வரலாறு அழிந்துபோகிறது என்பவர்கள் 1963-இல் அவர் லூசியானாவில் எடுத்த வில்லியம் கேஸ்பியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அடிமையாகப் பிறந்தவர் கேஸ்பி. சட்டகம் முழுக்க அவர் முகம் மட்டும்தான். தோட்டமோ குடிசையோ பின்னால் நின்றிருந்தால் நம் அனுதாபம் அவற்றின் மேல் சாய்ந்து சுலபமாகியிருக்கும். இங்கே அந்தக் கண்கள் நம்மை நேராகப் பார்க்கின்றன, தப்பிக்க வழியில்லை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் புகைப்படம் பற்றிய தன் நூலில் இந்தப் படத்தை எடுத்துப் பேசியதற்குக் காரணம் இருக்கிறது.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி ‘அமெரிக்க மேற்கில்’ தொடரைப் பற்றியது. டெக்சஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் உள்ள ஆமன் கார்ட்டர் அருங்காட்சியகத்துக்காக 1979 முதல் 1984 வரை அவர் மேற்கு மாநிலங்களில் அலைந்தார். 752 பேரைப் படமெடுத்தார். ஏறக்குறைய 17,000 பிலிம் தாள்கள் செலவாயின. வேலை நடந்த விதம் இதுதான்: ஒரு சுவரிலோ வண்டியின் பக்கவாட்டிலோ, வெயில் படாத பக்கமாகப் பார்த்து, பெரிய வெள்ளைக் காகிதத்தை ஒட்டுவார்கள். எட்டுக்குப் பத்து அங்குல பிலிம் போடும் பெரிய மரக் கேமரா. அவெடன் அதற்குப் பின்னால் தலையை மறைத்துக்கொள்ளாமல், லென்ஸுக்குப் பக்கத்தில் நின்று ஆளை நேருக்கு நேர் பார்ப்பார். எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளி, நாடோடி, உணவகப் பணிப்பெண், செத்த பாம்பைக் கையில் பிடித்திருக்கும் 13 வயதுப் பையன் எல்லோரும் ஆளுயரத்தில், அதைவிடப் பெரிதாகவும், 1985-இல் சுவரில் தொங்கினார்கள். நியூயார்க் பணக்காரர் வந்து எங்கள் மண்ணின் தோற்றுப்போனவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்சிக்கு வைத்துவிட்டார் என்று எதிர்ப்பு கிளம்பியது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. தொடரின் புகழ்பெற்ற படமான, வெற்றுடம்பில் தேனீக்கள் மொய்க்க நிற்கும் மனிதரை எடுத்துக்கொள்ளுங்கள். தேனீ வளர்ப்போர் இதழில் விளம்பரம் கொடுத்துத் தேடிய ஆள் அவர். சிகாகோ பக்கத்தில் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு பொழுதுபோக்காகத் தேனீ வளர்த்தவர். ராணித் தேனீயின் வாசனைப் பொருளை உடம்பில் தடவி, பூச்சியியல் அறிஞர் ஒருவரின் துணையோடு கலிஃபோர்னியாவில் எடுத்த படம் அது. மேற்குக்கும் அவருக்கும் சம்பந்தம் குறைவு.

இதை வைத்து மொத்தத் தொடரையும் பொய் என்று ஒதுக்கலாமா? செய்தி நிழற்படமாக அது தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தால் ஒதுக்கத்தான் வேண்டும். அவெடன் அப்படிச் சொல்லவில்லை. இது தன் பார்வையில் உள்ள மேற்கு, ஒரு முகப்படம் என்பது அதை எடுப்பவனின் கருத்து என்று எழுதியே வைத்தார். படத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதை அவர் ஒளிக்கவுமில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு பாரிஸ் உடைக்குத் தந்த அதே பெரிய கேமராவை, அதே மணிக்கணக்கான கவனத்தை, அதே நுணுக்கமான பிரதியெடுப்பை அவர் கரி படிந்த சட்டைக்கும் கிழிந்த ஜீன்ஸுக்கும் தந்தார். தையல், மடிப்பு, கறை, விரலிடுக்கு அழுக்கு வரை ஒவ்வொன்றும் தெரிகிறது. உடை ஒரு மனிதரைப் பற்றி என்ன சொல்லும் என்று முப்பது ஆண்டுகள் படித்த கண்ணுக்குத்தான் இது வாய்க்கும். படத்தின் தலைப்பில் பெயர், தொழில், ஊர், தேதி நான்கும் இருக்கும், ஜனாதிபதிக்குப் போட்டது போலவே. ஏழைகளைப் படமெடுத்த எத்தனையோ நல்லெண்ணக்காரர்கள் அந்தப் பெயரைக்கூடக் கேட்டு எழுதிக்கொண்டதில்லை. பரிதாபத்தைக் கிளறும் படத்தைவிட இது மேலான மரியாதை என்று நினைக்கிறேன்.

எளியவர்களிடம் மட்டும்தான் இந்தக் கடுமை என்று எண்ணுபவர்களுக்குத் தகப்பனாரின் படங்களே பதில். புற்றுநோயால் கரைந்துகொண்டிருந்த ஜேக்கப் இஸ்ரேல் அவெடனை 1969-இலிருந்து 1973-இல் அவர் இறக்கும்வரை மகன் படமெடுத்துக்கொண்டே இருந்தார். 1974-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவை வைக்கப்பட்டன. கோட்டும் டையுமாகத் தொடங்கும் வரிசை ஆஸ்பத்திரி அங்கியில் முடிகிறது. படத்துக்கு நிற்கும்போது நீங்கள் சிரிக்கும் சிரிப்பு உங்களுடையது அல்ல, உங்களிடம் இருக்கும் கோபமும் பசியும் உயிர்ப்பும்தான் எனக்கு வேண்டும் என்ற பொருளில் தகப்பனாருக்கு அவர் கடிதம் எழுதினார். இதைக் காட்சிக்கு வைத்தது கொடுமை என்று அன்று பலர் சொன்னார்கள், இன்றும் சொல்லலாம். கொடுமையோ கனிவோ, அந்நியருக்கு ஒரு அளவும் சொந்தத்துக்கு ஒரு அளவும் அவர் வைத்திருக்கவில்லை.

அவர் பணத்துக்காகச் செய்தவற்றைப் பூசி மெழுக நான் விரும்பவில்லை. 1980-இல் கால்வின் கிளைன் ஜீன்ஸுக்காக 15 வயது புரூக் ஷீல்ட்ஸை வைத்து அவர் இயக்கிய விளம்பரங்கள் இரட்டை அர்த்த வசனங்களால் விற்றன. சில தொலைக்காட்சி நிலையங்கள் அவற்றை ஒளிபரப்ப மறுத்தன. ஒரு சிறுமியைப் பண்டமாக்கிய அந்த வேலைக்கு எந்தக் கலைவாதமும் சமாதானம் ஆகாது. டோவிமாவின் கதையும் நெருடுகிறது. ஐம்பதுகளில் உச்ச ஊதியம் வாங்கிய அந்த மாடல், கடைசிக் காலத்தில் ஃப்ளோரிடாவில் ஒரு பீட்சா உணவகத்தில் வாடிக்கையாளர்களை வரவேற்கும் வேலை பார்த்து 1990-இல் காலமானார். யானைப் படத்தின் பெரிய பிரதி ஒன்று 2010-இல் பாரிஸ் ஏலத்தில் 8,41,000 யூரோவுக்குப் போனது. இந்த இடைவெளிக்கு அவெடன் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனால் அந்தத் தொழிலின் கணக்கு இதுதான், அதன் நடுவில்தான் அவர் செழித்தார். அதே தொழிலுக்குள்ளிருந்து அவர் முட்டி மோதியதும் உண்டு. ஷாங்காயில் பிறந்த மாடல் சைனா மச்சாடோவின் படங்களைப் போட ‘பஜார்’ தயங்கியபோது, போடாவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்று நின்று 1959-இல் வெளியிட வைத்தார். வெள்ளையர் அல்லாத ஒரு பெண் அப்படியொரு இதழில் அந்த அளவுக்கு இடம்பெறுவது அன்றைக்குச் சாதாரண விஷயமல்ல. தன் செல்வாக்கை எங்கே செலவழிப்பது என்று தெரிந்தவர், ஜீன்ஸ் விளம்பரத்தில் அதே பொறுப்பைக் காட்டாதது அதனாலேயே கூடுதலாக உறுத்துகிறது.

இன்றைய நிலைமை தலைகீழ். நட்சத்திரத்தின் முகம் இப்போது அவருடைய விளம்பரக் குழுவின் கையில். எந்தப் படம் வெளிவரலாம், எந்தச் சுருக்கம் நீங்க வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. மிச்சத்தை நட்சத்திரமே தன் கைப்பேசியில் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். அவெடனின் அதிகாரம் ஒழிந்தது நல்லதுதானே, படமெடுக்கப்படுபவரின் உரிமை மீண்டுவிட்டதே என்று கேட்கலாம். மன்றோவுக்கும் டோவிமாவுக்கும் அந்த உரிமை இருந்திருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். ஆனால் பொதுவாழ்வில் அதிகாரம் செலுத்துகிறவர்கள் தங்கள் படத்தைத் தாங்களே எடுத்து நமக்குத் தருவதை உரிமை என்று மட்டும் பார்க்க முடியாது. அவர்களைப் பற்றி ஒரு கருத்து உள்ள, அந்தக் கருத்துக்குப் பொறுப்பேற்று அடியில் தன் பெயரைப் போடுகிற வெளியாள் ஒருவர் கேமராவோடு எதிரே நிற்க வேண்டியிருக்கிறது. 1992-இல் ‘நியூயார்க்கர்’ இதழின் முதல் பணிநிலைப் புகைப்படக்காரராகச் சேர்ந்த பிறகும் அவெடன் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். 2004 அமெரிக்கத் தேர்தலையொட்டி ‘ஜனநாயகம்’ என்ற தொடருக்காகக் கட்சி மாநாடுகளுக்கும் ஊர் ஊராகவும் போய், தலைவர்களையும் பிரதிநிதிகளையும் சாதாரண மக்களையும் படமெடுத்தார்; இல்லினாய்ஸில் செனட் தேர்தலுக்கு நின்றுகொண்டிருந்த பராக் ஒபாமாவும் அவர்களில் ஒருவர். அந்த வேலையாக டெக்சஸின் சான் அன்டோனியோவுக்குப் போயிருந்த இடத்தில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, அக்டோபர் 1-ஆம் தேதி தன் 81-ஆவது வயதில் இறந்தார். முடிவுறாத நிலையிலேயே அந்தத் தொடரைப் பத்திரிகை வெளியிட்டது.